துண்டில் அள்ளிய குளம்

இரண்டு பேர் வேண்டும். ஒரு பழைய பருத்தித் துண்டு வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் துண்டைத் தரையோடு தரையாக அமிழ்த்த வேண்டும். பேசக் கூடாது. கரையோரப் புல்லை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்து, சட்டென்று தூக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் துண்டின் நடுவில், யாரோ வெள்ளிக் காசைக் கொட்டிவிட்டதுபோல ஒரு துள்ளல் கிளம்பும் பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

கடலூர் மாவட்டம் அண்ணாகிராமம் ஒன்றியத்தில் என் பெரியப்பா இருந்தார். ஒரு பக்கம் தென்பெண்ணை, இன்னொரு பக்கம் கெடிலம். நடுவில் கரும்பும் மல்லாட்டையும் நெல்லும் விளையும் பூமி. ஊருக்கு ஒரு குளம் கட்டாயம் உண்டு. பொங்கல் விடுமுறைக்குப் போனால் நானும் என் அண்ணனும் அந்தக் குளத்தங்கரையை விட்டு நகரமாட்டோம். பெரியப்பா விரால் பிடிக்கத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் துண்டு போட்டு அள்ளுவோம். அள்ளியதையெல்லாம் எவர்சில்வர் தூக்கில் போட்டு, எண்ணி முடித்ததும் திரும்பக் குளத்தில் விட்டுவிட வேண்டும். இது பெரியப்பா வைத்த சட்டம்.

ஒரு நாள் நான் கேட்டேன். "பெரியப்பா, நீங்க மட்டும் விரால் பிடிச்சு எடுத்துட்டுப் போறீங்க. எங்களை மட்டும் ஏன் இந்தப் பொடி மீனை விடச் சொல்றீங்க?"

அவர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அந்த விராலுக்குச் சோறு போடறதே இந்தப் பொடிதாண்டா. சோத்துப் பானையைக் கவுத்துட்டு யாராவது விருந்துக்குக் கூப்பிடுவாங்களா?"

அன்றைக்கு எனக்கு அது சரியாகப் புரியவில்லை. பிறகு நிறையப் படித்தேன், நிறையக் குளங்களைப் பார்த்தேன். பெரியப்பா சொன்ன அந்த ஒரு வரியைத்தான் பல நாட்டு விஞ்ஞானிகள் குளத்தை இறைத்தும் எடை போட்டும் கணக்கெழுதியும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மற்ற உயிர்களுக்கு உணவாகும் இந்தச் சின்ன மீன்களுக்கு இரை மீன்கள் என்று பெயர். அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் துண்டில் என்ன மாட்டியது என்று பார்ப்போமா? ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் மீன்களை விடுங்கள். வெள்ளைத் தட்டில்தான் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் உடம்பு மேல் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது, இல்லையா? அது கிருமி அண்டாமல் காக்கும் கவசம். உலர்ந்த கையால் பிடித்தால் அது ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

தட்டில் அதிகம் இருப்பது கெண்டைப்பொடி. சுண்டுவிரல் நீளம். வால் தொடங்கும் இடத்தில் மையால் வைத்ததுபோல ஒரு கரும்பொட்டு. அதை எதற்கு வைத்திருக்கிறது? கடிக்க வரும் பெரிய மீன் அந்தப் பொட்டைக் கண் என்று ஏமாந்து வாலைக் கடிக்கும், தலை தப்பிக்கும் என்பது சில விஞ்ஞானிகளின் கருத்து.

அடுத்து, உடம்பே இல்லாததுபோல ஒரு மீன். உற்றுப் பார்த்தால் முதுகெலும்பு தெரியும், அதற்குக் கீழே பளபளவென்று காற்றுப் பை தெரியும். இதுதான் கண்ணாடி மீன். தண்ணீரில் தன்னை ஒளித்துக்கொள்ள இது கண்ட வழி, ஒளியைத் தன் உடம்பு வழியாகவே போக விட்டுவிடுவது.

தண்ணீர்ப் பரப்பை ஒட்டியே நீந்துகிறதே, அந்தச் சின்ன மீனை மேலிருந்து பாருங்கள். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். அதன் வாய் வானத்தைப் பார்த்திருக்கும். பரப்பில் மிதக்கும் கொசுப் புழுக்கள்தான் அதற்கு விருப்பமான தீனி. அப்ளோகைலஸ் என்பது அறிவியல் வைத்த பெயர். ஊருக்கு ஊர் வேறு பெயர்கள் இதற்கு உண்டு.

தட்டின் அடியில் மணலுக்குள் புகத் தவிப்பது அயிரை. குழம்புக்குப் பேர் போன அதே அயிரைதான். வாயைச் சுற்றி மீசைகள். அதன் கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த முள் ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் விரித்துவிடும். தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு போய், குடலால் மூச்சு விடும். குடலால்! ஒரு தடவை சாப்பாட்டு வேளையில் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், யாரும் நம்பமாட்டார்கள்.

மீசை நீண்ட கெளுத்திக் குஞ்சு வந்திருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். செவுளுக்குப் பக்கத்திலும் முதுகிலும் முள் உண்டு. குத்தினால் இரவெல்லாம் கடுக்கும்.

இந்த மீன்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு உண்மை புலப்படும். வெள்ளிப் பொட்டு மீனின் வாய் மேல்நோக்கி இருக்கிறது, அது மேல்தட்டில் தின்கிறது. கெண்டைப்பொடியின் வாய் நேராக இருக்கிறது, அது நடுத்தண்ணீரில் மேய்கிறது. அயிரையின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது, அது தரையைத் துழாவுகிறது. மீனின் வாயைப் பார்த்தே அது குளத்தின் எந்த மாடியில் குடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரே குளத்தில் இத்தனை வகை மீன்கள் அதிகம் சண்டையில்லாமல் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பெரியப்பாவின் சோற்றுப் பானைக்கு வருவோம்.

ஒரு விரால் ஒரு கிலோ எடை கூட வேண்டுமானால் எத்தனை கெண்டைப்பொடி தின்ன வேண்டும்? தின்றதெல்லாம் உடம்பாக மாறுவதில்லை. நீந்தவும் துரத்தவும் மூச்சு விடவும் பெரும்பகுதி செலவாகிவிடும். மிச்சம் சுமார் பத்தில் ஒரு பங்குதான் சதையாகச் சேரும் என்பது சூழலியலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் ஒரு கிலோ விராலுக்குப் பத்து கிலோ பொடி மீன். ஒரு கெண்டைப்பொடி இரண்டு கிராம் என்று வைத்துக்கொண்டால், பத்து கிலோவுக்கு எத்தனை? 5,000 மீன்கள்! ஒரே ஒரு விராலுக்கு!

உணவு ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குப் போகும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதலில் வரிசையாகக் கணக்கிட்டவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஏரியைப் பல ஆண்டுகள் கூர்ந்து ஆராய்ந்தார். அவருடைய கட்டுரையை முதலில் ஏற்க மறுத்தார்கள். பிறகு ஏற்றுக்கொண்டு 1942இல் வெளியிட்டார்கள். அது அச்சாகி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 27 வயது நிறைவதற்குள், அவர் நோயால் இறந்துபோனார். இன்று உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் இருக்கும் உணவுப் பிரமிடுக்குப் பின்னால், ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞரின் உழைப்பு இருக்கிறது.

அலபாமா மாநிலத்தில் ஹோமர் ஸ்விங்கிள் என்ற இன்னொருவர் இருந்தார். அவர் ஆராய்ந்தது பண்ணைக் குட்டைகளை. ஒவ்வொரு குட்டையாகத் தண்ணீரை வடித்து, உள்ளே இருந்த எல்லா மீனையும் எடை போட்டார். தின்னும் மீன் எத்தனை கிலோ, தின்னப்படும் மீன் எத்தனை கிலோ என்று தனித்தனியாக எழுதினார். 1950இல் அவர் வெளியிட்ட முடிவு இது: தின்னும் மீன் ஒரு கிலோ என்றால், இரை மீன் மூன்றிலிருந்து ஆறு கிலோ வரை இருக்கும் குட்டைதான் நன்றாக இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நல்ல மீன் கிடைக்கிறது.

இரை மீன் அதற்கும் கீழே குறைந்தால்? தின்னும் மீன்கள் பட்டினியில் மெலிந்து, கடைசியில் தம் குஞ்சுகளையே தின்னத் தொடங்கும். சரி, இரை மீன் அளவுக்கு மீறிப் பெருகினால்? அதுவும் நல்லதில்லை. பத்துப் பேர் உட்காரும் பந்தியில் நூறு பேர் உட்கார்ந்த கதைதான். யாருக்கும் வயிறு நிறையாது. எல்லா மீனும் குள்ளமாகவே நின்றுவிடும். அப்போது அவற்றைக் குறைக்க விரால் வேண்டும். ஆகவே விராலுக்குப் பொடி மீன் வேண்டும், பொடி மீனுக்கும் விரால் வேண்டும். ஸ்விங்கிள் பார்த்தது அமெரிக்க மீன்களை. நம் குளத்தில் எண்கள் மாறலாம். ஆனால் இந்த இரண்டு பக்கத்து உறவு எல்லாக் குளத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரை மீனை நம்பியிருப்பது விரால் மட்டுமில்லை. குளக்கரையில் மண் நிறத்தில் அசையாமல் நிற்கும் மடையானைப் பாருங்கள். பெரிய மீனுக்காகத்தான் கொக்கு காத்திருக்கும் என்று கதை கேட்டிருப்பீர்கள். அரை மணி நேரம் நின்று கவனியுங்கள். மடையான் கொத்தி விழுங்குவதில் பெரும்பாலும் சுண்டுவிரல் அளவு மீன்தான் இருக்கும். மீன்கொத்தியும் அப்படித்தான், முக்குளிப்பானும் அப்படித்தான். கடலிலும் இதே கணக்கு. கடலூர் துறைமுகத்தில் வந்து இறங்கும் வஞ்சிரத்தின் வயிற்றைக் கேட்டால் நெத்திலியும் மத்தியும்தான் பதில் சொல்லும்.

சரி, ஒரு குளத்தில் எத்தனை பொடி மீன் இருக்கிறது என்று எப்படி எண்ணுவது? குளத்தை இறைத்துவிட்டால் மீன் செத்துப்போகுமே!

இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சொம்பில் இரண்டு மூன்று கைப்பிடி புளியங்கொட்டை போடுங்கள். எண்ணக் கூடாது. அதிலிருந்து 40 கொட்டையை எடுத்து ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வையுங்கள். காய்ந்ததும் திரும்பச் சொம்பில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு 50 கொட்டை எடுங்கள். அதில் பொட்டு வைத்தவை எத்தனை? 10 என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஐந்துக்கு ஒன்று. சொம்பு முழுக்கவும் ஏறக்குறைய இதே விகிதம்தான் இருக்கும். நாம் பொட்டு வைத்தது 40. அது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் மொத்தம் 200. இப்போது கொட்டி எண்ணிப் பாருங்கள். 200க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால் இன்னும் பக்கத்தில் வரும்.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் என்ற விஞ்ஞானி 1890களில் கடல் மீன்களுக்கு அடையாளம் போட்டு விட்டு இதற்கு வழி காட்டினார். மீன்வளத் துறையினர் இன்றும் இந்த வழியைக் கையாளுகிறார்கள். நிபந்தனைகள் உண்டு. அடையாளம் அழியக் கூடாது. விட்ட மீன் மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருக்க வேண்டும். நடுவில் புது மீன் வரவோ இருக்கும் மீன் போகவோ கூடாது. உயிருள்ள மீனுக்கு அடையாளம் போடுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நீங்கள் புளியங்கொட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. எங்கள் துண்டு அள்ளல்தான்! மாதம் ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்தில், அதே துண்டால் சரியாகப் பத்துத் தடவை அள்ள வேண்டும். எந்த மீன் எத்தனை என்று நோட்டில் எழுதிவிட்டுத் திரும்ப விட்டுவிட வேண்டும். மொத்தம் எத்தனை என்று இதில் தெரியாது. ஆனால் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். கூடவே பெரியவர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் குளத்தில் இறங்கவே கூடாது. இதை மட்டும் எனக்காகக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

அப்படி எழுதி வந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு பெரிய மாற்றத்தைப் பார்ப்பீர்கள். சித்திரை, வைகாசியில் குளம் சுருங்கி ஓரத்தில் ஒரு மடுவாக நிற்கும். சில குட்டைகள் வெடித்துப் பாளமாகிவிடும். மழை வந்த சில வாரங்களில் பார்த்தால் மறுபடி மீன்! எங்கிருந்து வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

பதில் ஒன்றில்லை. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். அதற்குக் காற்றை நேராகச் சுவாசிக்கத் தெரியும். பனையேறிக் கெண்டை செவுள் மூடியில் உள்ள முட்களை ஊன்றி ஊன்றித் தரையிலேயே நடந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, குளக்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அது பனை ஏறும் என்பதைப் பின்னால் வந்த விஞ்ஞானிகள் நம்பவில்லை. தரையில் நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கெண்டைப்பொடிக்கு நடக்கத் தெரியாது. அதற்கு வழி வாய்க்கால்தான். புதுத் தண்ணீர் ஓடிவரும்போது ஆற்றிலும் ஏரியிலும் மடுவிலும் தப்பிப் பிழைத்த மீன்கள் எதிர்நீச்சல் போட்டு வாய்க்காலில் ஏறி, வயலுக்கும் குளத்துக்கும் போய் முட்டையிடும். வாத்தும் உதவுகிறது என்றால் நம்புவீர்களா? 2020இல் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் காட்டு வாத்துகளுக்குச் சாதாக் கெண்டையின் முட்டைகளைத் தின்னக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 500க்கு ஒரு முட்டை வாத்தின் எச்சத்தில் உடையாமல் வெளியே வந்தது. அவற்றில் சில குஞ்சும் பொரித்தன! ஒரு வாத்து ஆயிரக்கணக்கில் முட்டை தின்றுவிட்டு அடுத்த குளத்துக்குப் பறந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் முக்கியமான வழி வாய்க்கால். அது அடைபட்டால் பொடி மீன் வராது. வாய்க்கால் குறுக்கே சந்து விடாமல் கூடு வைத்து, ஏறும் சினை மீனையெல்லாம் பிடித்தாலும் வராது. இது புதுக் கவலையில்லை. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக வந்து இந்திய மீன்களையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட பிரான்சிஸ் டே, 1873இல் எழுதிய அறிக்கையிலேயே வாய்க்காலிலும் வயலிலும் குஞ்சுகளை அழிப்பதைக் கண்டித்திருக்கிறார். தண்ணீரில் நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

குளம் தூர் வாரும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொக்லைன் இயந்திரம் வந்து குளத்தின் அடியைப் பந்து விளையாடும் மைதானம்போலச் சமமாக்கிவிட்டுப் போகிறது. பார்க்க அழகாக இருக்கும். கோடையில் தண்ணீர் ஒரே நாளில் எல்லா இடத்திலும் வற்றிவிடும். முன்பு ஒரு மூலையில் ஆழமாக மடு இருக்கும். கடைசித் தண்ணீர் அங்கே நிற்கும், கடைசி மீன்களும் அங்கே பிழைக்கும். ஒரு மூலையில் மடு விடச் சொல்லி ஊர்ப் பெரியவர்களிடம் நீங்கள் கேட்கலாம். நீங்கள் கேட்டால் காது கொடுப்பார்கள்.

இனி, வெளியூர்ப் பங்காளிகளைப் பார்ப்போம். தட்டில் சில நாள் வேறு சில மீன்களும் வரும். 1928இல் கொசுவை ஒழிக்கவென்று இத்தாலியிலிருந்து கம்பூசியா என்ற சின்ன மீனைக் கொண்டுவந்தார்கள். வெள்ளிப் பொட்டு மீன் நம் குளத்திலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது! கம்பூசியா கொசுப் புழுவைத் தின்னும், உண்மைதான். நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், துடுப்பையும் கடித்துக் குதறும். உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் கம்பூசியாவின் பெயர் இருக்கிறது. 1952இல் வந்த ஜிலேபி மீனின் பெயரும் இருக்கிறது. தாய் ஜிலேபி முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அதனால் மளமளவென்று பெருகிக் கெண்டையின் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொள்ளும். 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணை கரைபுரண்டபோதும் கடலூர் மாவட்டமே தண்ணீரில் நின்றது நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட வெள்ளத்தில் பண்ணைக் குட்டைக்கும் ஆற்றுக்கும் ஊர்க் குளத்துக்கும் நடுவில் வரப்பு ஏது? எந்தக் குட்டையின் மீனும் எங்கும் போகும். ஆகவே தொட்டியில் வளர்க்கும் மீன் அலுத்துவிட்டால் அதைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். இரக்கப்பட்டுச் செய்வதுதான், ஆனால் குளத்துக்குக் கேடு.

எனக்கு மனசு மிகவும் கஷ்டப்படும் இடம் இனிமேல்தான் வருகிறது. கட்லா, ரோகு, மிர்கால் என்று பெரிய மீன்களைக் குட்டையில் வளர்க்கிறோம். அவற்றின் குஞ்சுகளை விடுவதற்கு முன் குட்டையைத் தயார் செய்வார்கள். அப்போது உள்ளே இருக்கும் சின்ன மீன்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? களை மீன்! பயிரின் நடுவே முளைக்கும் களைபோல என்று அர்த்தம். ஹெக்டேருக்கு 2,500 கிலோ கணக்கில் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துவிட்டால், அதிலுள்ள சபோனின் என்ற பொருள் மீனின் இரத்த அணுக்களை உடைத்து எல்லாவற்றையும் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு போய் அதே புண்ணாக்கு உரமாகிவிடும். மீன் வளர்ப்பவரின் சிரமம் எனக்குப் புரிகிறது. உள்ளே ஒரு விரால் இருந்தாலும் போதும், அவர் காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சையெல்லாம் தின்றுவிடும். சொந்தக் குட்டையில் அவர் செய்வது வேறு. ஆனால் ஊர்ப் பொதுக்குளத்துக் கெண்டைப்பொடியையும் அயிரையையும் களை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

நான் மட்டும் சொல்லவில்லை. டிரினிடாட் தீவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட் என்ற பெண் விஞ்ஞானி வங்கதேசத்துக் கிராமங்களில் ஆய்வு செய்தார். அங்கேயும் குட்டை மீன்களில் சின்னதைக் களை என்று அழித்துவந்தார்கள். அவர் அந்தச் சின்ன மீன்களில் உள்ள சத்தை அளந்தார். மோலா என்ற விரல் நீள மீனில் பெரிய வளர்ப்பு மீனைவிடப் பல மடங்கு வைட்டமின் ஏ இருந்தது. அதிலும் கண்ணிலும் குடலிலும்தான் அதிகம். பெரிய மீனில் தலையையும் குடலையும் எறிந்துவிடுகிறோம். சின்ன மீனை முழுசாகச் சாப்பிடுகிறோம். முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. பெரிய மீன் வளர்க்கும் அதே குட்டையில் மோலாவையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். பெரிய மீனின் விளைச்சல் குறையவில்லை. வீட்டுக் குழந்தைகளுக்கும் அம்மாக்களுக்கும் சின்ன மீன் கூடுதலாகக் கிடைத்தது. இந்த வேலைக்காக அவருக்கு 2021இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். கண் பார்வைக்குக் காரட் சாப்பிடு என்று சொல்லும் அம்மாவிடம், பொடி மீனும் நல்லதாமே என்று நீங்கள் சொல்லலாம்.

அப்படியானால் பிடிக்கலாமா கூடாதா என்று கேட்பீர்கள். பிடிக்கலாம், சாப்பிடலாம். அயிரைக் குழம்பை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வராது. மழை தொடங்கி மீன்கள் முட்டையிட ஏறும் அந்தச் சில வாரங்கள் மட்டும் விட்டுவிட வேண்டும். கொசுவலையைக் கட்டி முட்டை முதல் குஞ்சு வரை வழித்தெடுப்பதை எப்போதும் விட்டுவிட வேண்டும்.

பெரியப்பா கடைசி வரை இன்னொரு சட்டத்தையும் வைத்திருந்தார். கார்த்திகை, மார்கழியில் குளத்தில் ஓரிடத்தில் மட்டும் செக்கச்செவேலென்று ஒரு திட்டு தெரியும். குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல இருக்கும். உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். மூச்சு வாங்க ஒன்றாக மேலே வரும், ஒன்றாகக் கீழே போகும். அடியில் அப்பா விரால் காவல் நிற்கும். அந்த நேரம் அது பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தவளையைக் கோத்து அங்கே போட்டால் தப்பாமல் மாட்டிக்கொள்ளும் என்று எல்லாத் தூண்டில்காரர்களுக்கும் தெரியும். காவல் போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் பொழுது சாய்வதற்குள் தின்று தீர்த்துவிடும். அந்தச் சிவப்புத் திட்டைப் பார்த்தால் பெரியப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விடுவார். அந்தச் செந்நிறக் குஞ்சுகளுக்கு அடுத்த மாதம் சாப்பிட வேண்டியதுதான் எங்கள் துண்டில் துள்ளிய பொடி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த விடுமுறையில் உங்கள் ஊர்க் குளத்தில் எத்தனை வகைச் சின்ன மீன் இருக்கிறது என்று பார்த்து, படம் வரைந்து, பாட்டியிடமோ ஊர் மீன்காரரிடமோ காட்டிப் பெயர் கேட்டு எழுதி வையுங்கள். தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த அந்த மீனுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.